நாற்புறமும் தைத்த உறை

தமிழில் ‘தையல்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஊசியாலும் நூலாலும் துணியை இணைக்கும் தொழில் ஒன்று. பெண் என்பது மற்றொன்று. அரபியில் நூலுக்குக் ‘கைத்’ என்று பெயர். தையற்காரரைக் குறிக்கும் ‘கய்யாத்’ அதனோடு உடன்பிறந்த சொல். இறுதி எழுத்து மாறிக் ‘கய்யாம்’ என்றாலோ கூடாரம் செய்பவர். கணிதமும் வானியலும் கற்றுத் துறைபோகிய உமர் கய்யாமின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது இத்தொழிற்பெயரே. உடுக்கும் ஆடையைத் தைப்பவருக்கு ஒரு பெயர். உறையும் இடத்தைத் தைப்பவருக்கு மற்றொரு பெயர். நாம் இங்கே எழுதப் புகுவது பின்னதற்கு உறவான தையலைப் பற்றி. சாளரத்துக்குத் திரையும், தலையணைக்கு உறையும், மேசைக்கு விரிப்பும் தைப்பது பற்றி.

புதிதாக ஒன்றைக் கற்பவர்க்கு நேரும் வேடிக்கைகள் புதியன அல்ல. நூலும் தலையணையும் சேர்ந்து வரும் ஒரு நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களிலேயே உண்டு. கொடைக்குப் பேர்போன ஹாத்திமின் மைந்தர் அதீ (ரலி) அவர்கள், வைகறையின் வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து பிரிந்து தெரியும் வரை உண்ணலாம் என்னும் இறைக்கட்டளையைச் சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டார்கள். வெள்ளைக் கயிறு ஒன்றையும் கறுப்புக் கயிறு ஒன்றையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் பார்த்தார்கள், ஒன்றும் புலப்படவில்லை. காலையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் இதைச் சொன்னபோது, அத்தனை அகலமான தலையணையா உம்முடையது என்னும் கருத்துப்பட நயமாகக் கூறிவிட்டு, அது பகலின் வெண்மையும் இரவின் கருமையும் ஆகும் என்று விளக்கினார்கள். கற்பவரைக் கடியாமல், சிரிப்பினூடே திருத்துதல் அந்த ஆசிரியரின் வழி. இதை மனத்தில் இருத்திக்கொண்டே மேலே செல்வோம்.

புளியறை என்பது தென்காசி மாவட்டத்தில் செங்கோட்டையைத் தாண்டி, மலையடிவாரத்தில், கேரள எல்லையை ஒட்டி அமைந்த ஊர். செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடு இருந்து, பின்னர்த் தமிழகத்தோடு இணைந்தது. ஊரைச் சுற்றி வயல்கள், மேற்கே மலை, ஆரியங்காவுக்கு ஏறும் சாலையில் இரவும் பகலும் சரக்கு லாரிகள். ஆனி பிறந்துவிட்டால் கணவாய் வழியே காற்று புறப்படும். குற்றாலத்தில் அருவியாய் விழும் பருவம் இங்கே சாரலாய் முகத்தில் தெறிக்கும். சாளரத்தைத் திறந்தால் சாரல் உள்ளே வரும். அடைத்தால் வீடு இருண்டுவிடும். ஆகவே இவ்வூரில் திரைச்சீலை அழகுக்கு மட்டும் உரியதன்று.

ஈராண்டுகளுக்கு முன்பு, சாரல் தொடங்கிய நாள்களில், வெளிநாட்டில் பணியாற்றிக்கொண்டிருந்த நம் மருமகன் மாரடைப்பால் இறையடி சேர்ந்தார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மணமான நாள் முதல் நம் மகள் நம் இல்லத்திலேயே வாழ்ந்து வந்தமையால், நான்கு மாதம் பத்து நாள் இத்தாவும் அங்கேயே அமைந்தது. அவளுக்கு வயது இருபத்தெட்டு, மகனுக்கு ஆறு. முதல் மாதம் அவள் பேசியது குறைவு. வருவோரெல்லாம் அழுதார்கள், அழுதுவிட்டுப் போனார்கள். பிறகு வருவோரும் குறைந்தனர். பகல் முழுவதும் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அறையின் இரண்டு சாளரங்களையும் அவற்றில் தொங்கிய சாயம் போன பழைய துணியையுமே.

அவள் பாட்டியாரின் தையல் மிஷின் ஒன்று கூடத்து மூலையில் போர்வை போர்த்திக் கிடந்தது. காலால் மிதிப்பது. பல்லாண்டுகளாக அதன்மேல் குர்ஆன் பலகையும் மருந்துப் புட்டிகளுமே இருந்தன. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் அவள் அவற்றை எடுத்து வைத்துவிட்டு, “வாப்பா, இந்தச் சன்னலுக்கு நானே திரை தைக்கப் போகிறேன்” என்றாள். அவள் அதுவரை ஒரு பொத்தானுக்கு மேல் தைத்ததில்லை. நாம் மறுநாளே தென்காசிக்குச் சென்று கொடிப்பூ அச்சிட்ட பருத்தித் துணி வாங்கி வந்தோம்.

இங்கே அந்த இயந்திரத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கைத்தையல் ஊசிக்குக் கண் தலைப்புறத்தில் இருக்கும். மிஷின் ஊசிக்கோ கண் முனையில் இருக்கும். மேல்நூலை ஊசி துணிக்குக் கீழே கொண்டுசெல்ல, அங்கே அது வளையமாகும்போது ஷட்டில் அந்த வளையத்தைப் பற்றி, பாபினில் உள்ள கீழ்நூலை அதனூடே கோத்துவிடும். இவ்விரு நூல்களும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்வதே தையல். இம்முறைக்கு அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் 1846 இல் உரிமை பெற்றார். அவருக்கு முன்பே, 1830 இல், பிரெஞ்சுத் தையற்காரர் திமோனியே ஒருவகை இயந்திரத்துக்கு உரிமை பெற்றிருந்தார். பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831 இல் அவரது இயந்திரங்களை உடைத்தெறிந்தனர். இயந்திரங்களை எளிதில் ஏற்காத காந்தியடிகளோ, 1924 இல் மாணவராக இருந்த ஜி. ராமச்சந்திரன் வினவியபோது, தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார். அந்த ராமச்சந்திரனே பிற்காலத்தில் நம் நாட்டில் காந்திகிராமத்தை நிறுவியவர்களுள் ஒருவர்.

இத்துணைப் பெருமை வாய்ந்த இயந்திரம் நம் மகளிடம் முதல் வாரம் முழுவதும் முறுக்கிக்கொண்டு நின்றது. மிதிபலகையை அவள் மிதிக்க, சக்கரம் பின்னோக்கிச் சுழன்று நூலை அறுத்தது. அண்டை வீட்டில் நாற்பதாண்டுகளாக ரவிக்கை தைத்துப் பிழைக்கும் அம்மையார் ஒருவர் சத்தம் கேட்டு வந்தார். “பிள்ளே, சக்கரத்தை முதலில் கையாலே உன் பக்கமாச் சுத்தி விடு, அப்புறம் காலை வை” என்றார். சக்கரம் வழிக்கு வந்தது. ஆனால் துணியை அழுத்தும் பாதத்தை இறக்க மறந்தாள். மேலே தையல் விழுவது போலத் தோன்ற, அடியில் நூல் தூக்கணாங்குருவிக் கூடாகத் திரண்டது. அதைக் கத்தரித்து எடுத்த அம்மையார், “முட்டை இருக்கான்னு பார்த்துக்கோ” என்றார். மகள் முகத்தில் சிரிப்பின் நிழல் ஒன்று வந்து மறைந்தது.

திரை பெரிது, தலையணை உறை சிறிது. ஆகவே சிறியதில் கைபழகு என்பது அம்மையாரின் பாடம். துணியின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று நோக்க வைத்து, மூன்று புறம் தைத்து, நான்காம் புறம் வாயாக விட்டுப் புரட்டவேண்டும். நேர்க்கோடாகத் தையல் ஓடத் தொடங்கிய களிப்பில் அவள் நிறுத்தவில்லை. ஒரு மூலை திரும்பினாள். மறு மூலை திரும்பினாள். மூன்றாம் மூலையும் திரும்பினாள். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தபின், பெருமையோடு நூலை அறுத்து, அதைத் தன் மகனிடம் தூக்கிக் காட்டினாள். பேரன் அதை வாங்கி நான்கு புறமும் தடவிப் பார்த்தான். பிறகு மிக்க அக்கறையோடு, “உம்மா, தலையணை எந்த வழியாக உள்ளே போகும்?” என்று கேட்டான்.

அவள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு சிரித்தாள். அடக்க முயன்று, முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அடுக்களையிலிருந்து அவள் தாய் ஓடி வந்து, உறையைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள். ஏழு வாரங்களுக்குப் பின் அவ்வீட்டில் எழுந்த முதற் சிரிப்பு அதுவே.

அந்த நேரத்தில் கூடத்தில் அமர்ந்திருந்த நம் தமக்கையார் முகம் சுருங்கினார்கள். “இத்தா இருக்கிற வீட்டில் சிரிப்பா, தம்பி? சன்னலுக்குப் பூத்துணி வேறு. ஊரார் என்ன சொல்வார்கள்?” என்றார்கள். சிரிப்பு அறுந்த நூல்போல் நின்றது. மகள் உறையை மடித்து மிஷினுக்கு அடியில் வைத்துவிட்டாள். அவள் கை மீண்டும் அதை எடுக்குமா என்பது அந்த ஒரு வினாவின் விடையில் தொங்கியது. தமக்கையாரின் சொல்லில் தீங்கு இல்லை; இளம் வயதில் தாமும் இத்தா இருந்தவர்கள் அவர்கள். இருண்ட அறையில், சுவரைப் பார்த்தபடி அந்நாள்களைக் கழித்தவர்கள். தாம் அறிந்ததையே மார்க்கம் என்று எண்ணியிருந்தார்கள்.

நாம் மின்ஹாஜை எடுத்து வந்தோம். ஹிஜ்ரி 676 இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் யாத்த ஷாஃபிஈ மத்ஹபின் சட்டநூல் அது. துக்கம் காக்கும் பெண் தன் மேனியிலும் உடையிலும் அலங்காரம் தவிர்க்கவேண்டும். நறுமணமும் நகையும் சுர்மாவும் விலக்கவேண்டும். ஆனால் விரிப்பையும் வீட்டுத் தட்டுமுட்டுப் பொருள்களையும் அழகுபடுத்துதல் அவளுக்கு ஆகும் என்று அந்நூல் தெளிவாகவே கூறுகிறது. அந்த இடத்தைத் தமக்கையார்க்குப் படித்துப் பொருள் சொன்னோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டுத் திரை ஒன்றில் உருவங்கள் இருந்ததை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பாதபோது, அன்னையார் அத்திரையைக் கிழித்துத் தலையணைகளாக ஆக்கிக்கொண்டதையும் எடுத்துரைத்தோம். தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்ட நபியின் உம்மத்தில், ஊசி எடுத்த பெண்ணைத் தடுப்பார் யார்?

தமக்கையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு இதை அன்றைக்கு யாரும் படித்துக் காட்டவில்லையே” என்றார்கள். அச்சொல்லுக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. அவர்களே குனிந்து உறையை எடுத்து, மகளிடம் கொடுத்து, “இந்தப் பக்கத்தைப் பிரித்துவிடு, தலையணைக்கு வழி வேண்டாமா?” என்றார்கள்.

அதன்பின் வேடிக்கைகள் தடையின்றித் தொடர்ந்தன. மூன்றடி அகலச் சாளரத்துக்கு மூன்றடித் துணியே அளந்து வெட்டப்பட்டது. திரைக்கு மடிப்பு விழவேண்டுமாயின் சாளரத்தைப்போல் ஒன்றரை மடங்கேனும் அகலம் வேண்டும் என்பதை, அது உலரப்போட்ட சாரம்போல் தட்டையாகத் தொங்கியபோதுதான் அவள் அறிந்தாள். இரண்டாம் திரையில் கொடிப்பூக்கள் தலைகீழாக நின்றன. அதைக் கண்ட தமக்கையார், “கொடி கூரையிலிருந்து இறங்கி வருகிறது என்று வைத்துக்கொள்” என்று தீர்ப்பளித்தார்கள். ஒருநாள் மேசைவிரிப்பைத் தைத்து முடித்து எழுந்தவள், மிஷினோடு சேர்த்து இழுக்கப்பட்டாள். விரிப்பின் ஓரத்தோடு அவளது முக்காட்டின் நுனியும் தைக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவாறு அழகுற அமைந்த திரையைச் சாரலில் நனைந்ததென்று அலசிக் காயப்போட்டால், அது சாளரத்தின் அடிவிளிம்பைத் தொடாமல் மூன்று விரற்கடை மேலே நின்றது. புதுப் பருத்தித் துணி முதல் நனைப்பில் சுருங்கும். ஐந்தடி நீளத்தில் இரண்டு மூன்று அங்குலம்கூடக் குறையும். அதனால் வெட்டுவதற்கு முன்பே நனைத்து உலர்த்தித் தேய்த்துக்கொள்ளவேண்டும். அம்மையார் இதைச் சொல்லவில்லையா என்றால், சொன்னார். சொன்னதைச் சாரல் வந்து மெய்ப்பித்தது. குறைந்த இடத்துக்கு வேறு நிறத்துணியில் ஒரு பட்டை வைத்துத் தைத்தாள். பார்த்தவர்கள் அதைப் புதுப்பாங்கு என்று மெச்சினார்கள், அவளும் மறுக்கவில்லை.

இத்தா முடிந்த நாளில் அவள் அறையின் இரு சாளரங்களிலும் ஒத்த நீளத்தில் திரைகள் ஆடின. அடுத்த தெருவில் புதுவீடு கட்டியவர்கள் அதைக் கண்டு, தங்கள் எட்டுச் சாளரங்களுக்கும் தைத்துத் தரக் கேட்டார்கள். அது முதற் கூலி. அதில் பேரனுக்குப் பள்ளிப் பை வாங்கினாள். இன்று மாதந்தோறும் சிறு வருவாய் வருகிறது. பெரிதன்று, ஆயினும் அவளுடையது. கணவரை இழந்தோர் போன்ற எளிய பெண்டிர்க்கு, தையல் அறிந்திருந்தால், தமிழக அரசின் சமூக நலத்துறை சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் கீழ் விலையில்லாத் தையல் இயந்திரம் வழங்குகிறது என்பதையும் வாசகர்கள் அறிந்துகொள்வது நலம்.

தையலில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. சமையலில் உப்பு மிகுந்தால் மீட்பதற்கில்லை. எழுத்தில் வாய்தவறி வந்த சொல்லை ஊர் மறப்பதில்லை. கோணிய தையலை மட்டும் ஊசிமுனையால் ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்து எடுத்துவிடலாம். துணியில் சிறு துளைகள் தெரியும். இருமுறை அலசினால் அவையும் மறையும். அதே துணியில் மீண்டும் தைக்கலாம்.

நம் சமுதாயக் குடும்பங்கள் பலவற்றில் இத்தா இருக்கும் பெண்ணுக்கு நாம் கொடுப்பது இருண்ட அறையும் மௌனமும்தான். மார்க்கம் விதித்தது நான்கு மாதம் பத்து நாள் காத்திருப்பு. இருட்டை நாமே சேர்த்துக்கொண்டோம். அப்பெண்ணின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு வேலையை வையுங்கள். அவள் தவறாகத் தைப்பாள்; தைக்கட்டும். நாற்புறமும் தைத்துவிட்டுச் சிரிப்பாள்; சிரிக்கட்டும்.