தேறுதல்

பைபாஸ் செய்துகொண்டவரைப் பார்க்கப் போனால் எத்தனை அடைப்பு, எவ்வளவு செலவு, ஐ.சி.யூ.வில் எத்தனை நாள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். வீட்டுக்கு வந்தபிறகு என்ன ஆகிறது என்பதை யாரும் அதிகம் சொல்வதில்லை. எனக்கு மூன்று அடைப்பு. அறுவை முடிந்து பதினோரு வாரம் ஆகிறது. இனிமேல் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில், அர்ஜென்டினாக்காரரான டாக்டர் ரெனே ஃபவலோரோ, நோயாளியின் காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் வைத்துத் தைத்தார். நம் நாட்டில் டாக்டர் கே.எம். செரியன் 1975-இல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் பைபாஸ் செய்தபோது நான் அரசு வேலையில் சேர்ந்த புதிது. அன்று அது அதிசயம். இன்று ஒரு வாரம், பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மீதி வேலை நம்முடையது.

நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறந்து, முடிந்ததும் ஸ்டீல் கம்பியால் கட்டி மூடுகிறார்கள். அது நன்றாகக் கூடுவதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை கனமாக எதையும் தூக்கக்கூடாது, கையை ஊன்றி எழக்கூடாது, ஸ்கூட்டரைத் தொடக்கூடாது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். மூன்று பந்துள்ள பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுத்துப் பந்தை மேலே ஏற்ற வேண்டும். ரத்தக்குழாய் எடுத்த கால் மாலையானால் வீங்கும். சாப்பாட்டில் ருசி தெரியாது.

எழுத்தராக இருந்தவன் அல்லவா? ஒரு நோட்டை எடுத்துக் கோடு கிழித்து, தேதி, எடை, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நடந்த நிமிடம் என்று ஐந்து கட்டம் பிரித்தேன். ஒரே நாளில் எடை ஒரு கிலோ கூடினால் உடம்பில் நீர் தங்குகிறதென்று பொருள், உடனே சொல்லுங்கள் என்றிருந்தார் டாக்டர். முதல் வாரம் கூடத்துக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடந்தேன். அடுத்த வாரம் தெருமுனை வரை. கணக்கெல்லாம் ஒழுங்காகத்தான் ஏறிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு மதியம், மனைவி ரசம் சாதம் கரைத்துக் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலி இல்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா இறந்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை. மறுநாளும் அழுதேன். இரவில் கண்ணை மூடினால் துடிப்பு நின்றுவிடுமோ என்று எண்ணிக்கொண்டே கிடப்பேன், விடிந்துவிடும். பார்க்க வந்தவர்களெல்லாம் ‘மறுபிறவி எடுத்திருக்கீங்க, இனிமே என்ன கவலை’ என்றார்கள்.

மனைவிதான் சொன்னாள்: “ஏங்க, அந்த நோட்டுல இதையும் எழுதுங்க. டாக்டருக்குத் தெரிய வேணாமா?”

ஆறாவது கட்டம் போட்டேன். அழுகை, தூக்கமின்மை, பயம் என்று தேதிவாரியாக எழுதினேன். செக்கப்புக்குப் போனபோது டாக்டரின் விரல் அந்தக் கட்டத்தில்தான் நின்றது. இந்த அறுவைக்குப் பிறகு பலருக்கும் மனம் இப்படிச் சோர்ந்துபோகும், பெரும்பாலும் சில வாரங்களில் குறையும் என்றார். குறையாவிட்டால் அதற்கும் வைத்தியம் உண்டு, மறைக்கக்கூடாது, மனம் சோர்ந்தவருக்கு உடம்பும் மெதுவாகத்தான் தேறும் என்றார். வெளியே நடங்கள், துணையோடு நடங்கள் என்றும் சொன்னார்.

காலை ஏழரை மணி வரை நம் கடற்கரைச் சாலையில் வண்டி கிடையாது. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் துணைக்கு வந்தார். நான்கு வருடத்துக்கு முன் அவருக்கும் இதே அறுவை. காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலைப் பக்கம் நடக்கும்போது என் அழுகையைச் சொன்னேன். அவர் நின்றுவிட்டார். “எனக்கும் அப்படித்தான் சார் இருந்திச்சு. ரெண்டு மாசம். பாத்ரூம்ல குழாயத் தொறந்து விட்டுட்டு அழுவேன். வீட்ல இன்னி வரைக்கும் தெரியாது” என்றார். நாலு வருடம் வாரம் தவறாமல் சந்தித்த மனிதர்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். உடம்பு தேறுவதை அங்கே ‘கொன்வலேசான்ஸ்’ என்பார்கள். இழந்த பலம் திரும்புவது என்று பொருள். நம் தமிழில் தேறுதல் என்றால் உடம்பு தேறுவதும்தான், துக்க வீட்டில் போய்ச் சொல்லும் ஆறுதலும்தான். ஒன்றில்லாமல் மற்றது வராது என்று தெரிந்துதான் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தார்களோ என்னவோ.

இப்போது நாற்பது நிமிடம் நடக்கிறேன். ஆறாவது கட்டம் பல நாள் காலியாகவே இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது அறுவை முடிந்து வந்தால், மாத்திரையையும் எடையையும் கேட்பதோடு, ராத்திரி தூக்கம் வந்ததா, மனசு எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். ஆண்பிள்ளை என்றால் இரண்டு முறை கேளுங்கள்.