எந்த ஊர் எமக்கு ஏற்ற ஊர்?

உத்தியோகத்திலிருந்து இளைப்பாறும் தமிழர் பலரும், "இனிக் கொழும்பு போதும், ஊர்ப்பக்கம் போய் ஆறுதலாக இருப்போம்" என்று ஒரு நாளேனும் சொல்லாமல் இருப்பதில்லை. சொல்வது எளிது. எந்த ஊர் என்ற கேள்வி எழும்போதுதான் வீட்டினுள் வழக்குத் தொடங்குகின்றது. எங்கள் வீட்டில் அவ்வழக்கு ஏறக்குறைய ஓராண்டு நடந்தது. ஊர் தேடிப் புறப்படவிருக்கும் குடும்பங்களுக்குச் சிறிதேனும் பயன்படும் என்றெண்ணி அதனை இங்கு எழுதுகின்றேன்.

வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பொன்றில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தோம். பிள்ளைகள் இருவரும் கடல்கடந்து போய்விட்டனர். நான் இளைப்பாறிய ஆண்டிலேயே, என் மனைவியின் சிறுநீரகங்கள் பலவீனமடைந்துள்ளன என்று வைத்தியர் சொன்னார். ஆயினும் எந்த ஊர் என்ற ஐயம் எனக்கு எழவேயில்லை. நான் புங்குடுதீவிற் பிறந்தவன். அங்கே தந்தையாரின் வளவு இருக்கின்றது. வேறென்ன வேண்டும்?

ஆவணி மாதத்து வெயிலில் இருவரும் அங்கு சென்றோம். 1990களின் தொடக்கத்தில் மக்கள் இடம்பெயர்ந்தபின் திரும்பாத வீடுகள் ஒழுங்கையின் இருபுறமும் கூரையின்றி நின்றன. எங்கள் வீடும் அவற்றுள் ஒன்று. கோயில் வாசலில் முதியவர் ஒருவர் என்னை உற்றுப் பார்த்து, "நீ எங்கட வாத்தியாற்றை மோனெல்லே?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகளாக என்னை அவ்வாறு ஒருவரும் அழைத்ததில்லை. என் கண்கள் கலங்கின.

அவ்வேளையில் என் மனைவி கிணற்றில் நீரள்ளி வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உவர். அயலிற் குடியிருந்த சிலர் தாங்கி வண்டியில் வரும் குடிநீருக்காகக் குடங்களை வரிசையாக வைத்திருந்தனர். அவள் அங்கே ஒன்றும் பேசவில்லை. பஸ் வண்டி கடற்பாலத்தைக் கடக்கும்போது, "நீங்கள் ஊருக்குப் போகேல்லை, உங்கட பத்து வயசுக்குப் போகப் பாக்கிறியள். என்னாலை அங்கை இருக்க ஏலாது" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாட்கள் அவளோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அவள் சொன்னது உண்மை என்பதனாலேயே கோபம் வந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

அடுத்து, கிளிநொச்சியில் வசிக்கும் நண்பர் ஒருவர் இரணைமடுக் குளத்தின் கீழ்ப்புறத்திலே காணி மலிவாக இருப்பதாக அழைத்தார். பரந்த வயலும் குளத்துக் காற்றும் இருவர் மனத்தையும் கவர்ந்தன. அந்நண்பர் நேர்மையானவர். 2018ஆம் ஆண்டு மார்கழி மாதப் பெருவெள்ளம் தம் வீட்டுச் சுவரில் விட்டுச்சென்ற அடையாளத்தைத் தாமே காட்டினார். உலர்வலயத்தில் வேறு பல இடங்களிற் காரணம் முற்றாகத் தெளியாத சிறுநீரக நோய் பலரைப் பீடித்திருப்பதையும், கிணற்றுநீரின் கடினத்தையும் அதிலுள்ள புளோரைட்டையும் ஆய்வாளர் ஐயுறுவதையும் நாம் அறிந்திருந்தோம். நண்பரின் கிணறு அத்தகையது என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டு நிலைமையில் ஐயத்துக்கே இடம் இருத்தலாகாது என்று திரும்பினோம்.

மூன்றாவதாக நீர்வேலிக்குச் சென்றோம். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் வீதியில், செம்மண்ணும் வாழைத் தோட்டமுமாக விளங்கும் ஊர் அது. கிணற்றுநீர் இனித்தது. "இனியென்ன, முடிந்தது" என்றேன் நான். "இனிச்சாப்போலை நல்ல தண்ணியோ? கொண்டுபோய்ச் சோதிச்சுப் பாருங்கோ" என்றாள் அவள்.

அவள் கேட்டது நியாயமே. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. பெரும்பாலும் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணாம்புக் கற்பாறையினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்குகின்றது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்துநீர் உவராகவும் இருப்பது இதற்குக் கண்கூடான சான்று. அளவுமீறி இறைத்தால் உவர் மேலேறும். தோட்டத்துக்கு இடும் உரமும் அதே பாறையினூடேதான் இறங்குகின்றது. அதனால் நீரிற் சேரும் நைத்திரேற்றை நாவினால் அறிய முடியாது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை; சிறப்பாகக் கைக்குழந்தைகளுக்கு அது தீங்கானது. நாங்கள் பார்த்த முதல் வளவின் கிணறு அந்த அளவைத் தாண்டியிருந்தது. தோட்டங்களிலிருந்து விலகியிருந்த மற்றொரு கிணறு தேறியது. அந்த வீட்டை உடனே வாங்காமல் ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்தோம்.

அந்த ஓராண்டில் ஊரின் இரண்டு முகங்களையும் கண்டோம். ஆவணியில் கிணறு எவ்வளவு வற்றுகின்றது, கார்த்திகையில் ஒழுங்கையில் எவ்வளவு வெள்ளம் நிற்கின்றது என்பனவற்றை நேரிற் கண்டோம். காணி உறுதியையும் பழைய உறுதிகளையும் ஆறுதலாகப் பரிசீலித்தோம். கிணற்றில் எத்தனை பேருக்குப் பங்கு, வழி வாய்க்கால் உரிமை யாருக்கு, தேசவழமைப்படி முதலில் வாங்கும் உரிமையுடைய பங்காளி எவரேனும் உளரோ என்பனவெல்லாம் காசு கொடுக்குமுன்னரே கேட்கவேண்டிய கேள்விகள்.

ஆனால் எந்த உறுதியிலும் எழுதப்படாத ஒன்றுண்டு. அவ்வூரில் நாங்கள் 'வந்தான் வரத்தான்'. பல மாதங்கள் என்னைக் 'கொழும்பார்' என்றே அழைத்தனர். அயல்வீட்டுப் பையனுக்கு மாலையிற் கணிதம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். அதற்குமேல் உறவென்று ஒன்றும் இல்லை. மார்கழி மாதத்து இரவொன்றில் என் மனைவிக்கு மூச்சுத் திணறியது. நான் படலையடியில் நின்று குரல் கொடுத்தேன். சிறிது நேரத்தில் அப்பையன் முச்சக்கரவண்டியொன்றைக் கொண்டுவந்தான். அவன் தாயார், "அக்கா, பயப்பிடாதேங்கோ" என்று என் மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி கூடவே வந்தார். வைத்தியசாலை வாங்கில் விடியும்வரை அவரும் இருந்தார். புங்குடுதீவு வளவில் நின்று அன்றிரவு குரல் கொடுத்திருந்தால், இருபுறமும் கூரையற்ற வீடுகளே அதனைக் கேட்டிருக்கும்.

மனைவி குணமடைந்தாள். தை பிறந்தபின் அந்த வீட்டை வாங்கினோம்.

ஆகவே, ஊர் தேடுவோரே, அழகான மாதத்தில் ஊரைப் பார்க்காதீர்கள்; கடுமையான மாதத்திற் பாருங்கள். நீரைச் சுவைத்தால் மட்டும் போதாது; சோதியுங்கள். உங்களுள் நோயாளி யாரோ, அவருடைய சொல்லுக்கு முதலிடங் கொடுங்கள். நள்ளிரவில் அழைத்தால் எந்த வீட்டுக் கதவு திறக்கும் என்பதையும், பிறர் அழைத்தால் உங்கள் கதவு திறக்குமா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

தந்தையாரின் வளவை நான் விற்கவில்லை. ஆண்டுதோறும் கோயில் திருவிழாவுக்கு இருவரும் அங்கு செல்கின்றோம். அம்முதியவர் இன்னும் என்னை வாத்தியாரின் மகன் என்றே அழைக்கின்றார். போகும்போது என் மனைவி இரண்டு போத்தல்களில் நீர்வேலித் தண்ணீர் எடுத்து வைப்பாள். ஒன்று எங்களுக்கு, மற்றது அவருக்கு.