கஞ்சியிலிருந்து காளஜிக்கு

கபினியும் கிருஷ்ணராஜசாகரும் ஒரே சமயத்தில் நிரம்பினால் கொள்ளேகால் பக்கத்தில் கவலை தொடங்கிவிடும். இரு அணைகளிலும் திறந்துவிடும் தண்ணீர் திருமக்கூடலு நரசிப்புராவில் ஒன்றுசேர்ந்து, தாசனபுரா, முள்ளூர் போன்ற கரையோரக் கிராமங்களை நோக்கி வரும். 2018இல் அப்படித்தான் வந்தது. மறு ஆண்டே மீண்டும் வந்தது. மக்கள் முகாம்களுக்குப் போனார்கள்.

அத்தகைய முகாம்களுக்குக் கர்நாடகத்தில் நெடுநாள் வழங்கிய பெயர் 'கஞ்சி கேந்திரா'. தமிழர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. தாது வருஷப் பஞ்சத்தின் கஞ்சித் தொட்டிகள் நினைவுக்கு வந்துவிடும். இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள கொள்ளேகால் அப்போது சென்னை மாகாணத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1876-78இன் அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான் 1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கையும் 1883இல் பஞ்ச விதித்தொகுப்பும் வந்தன. கஷ்டம் வந்த பிறகு யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கணக்குதான் அதில் பிரதானம்.

அந்தக் கணக்கு நூறாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தது. 2002 வரை இயற்கைச் சீற்றங்கள் மத்திய வேளாண் அமைச்சகத்தின் பொறுப்பில் இருந்தன என்பதே போதும், வேறு சாட்சி வேண்டாம். 1999இல் ஒரிசா புயல், 2001இல் குஜராத் பூகம்பம், 2004இல் சுனாமி என அடி மேல் அடி விழுந்த பிறகே, 2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிறந்தது. 2009இல் தேசியக் கொள்கை. வந்தபின் உதவினால் போதாது, வருமுன் காக்க வேண்டும் என்றது அது. இதற்கு முன்பே, 2003இல், சி.பி.எஸ்.இ. எட்டாம் வகுப்பில் பேரிடர் பாடத்தைச் சேர்த்திருந்தது. கர்நாடகமும் இப்போது முகாமின் பெயரை 'காளஜி கேந்திரா' என்று மாற்றிவிட்டது. காளஜி என்றால் கன்னடத்தில் அக்கறை.

ஆனால் எச்சரிக்கையின் மொழி மாறவில்லை. அணையிலிருந்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு என்றுதான் அறிவிப்பு வருகிறது. இன்ஜினியருக்குப் புரியும். ஒரு லட்சம் கன அடி என்றால் தண்ணீர் எந்தத் தெருவரை ஏறும், மாட்டை எப்போது அவிழ்க்க வேண்டும் என்பதுதானே கரையோர வீட்டுக்காரர்களுக்குத் தெரிய வேண்டும்? பூகம்பம் வந்தால் மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளப் பாடம் சொல்லித்தருகிறது. நல்லதுதான். ஆற்றங்கரைப் பள்ளியின் சுவரில் 2018, 2019 வெள்ளங்கள் எட்டிய உயரத்துக்கு ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் அன்று திறந்த கன அடியை எழுதிவைக்கலாம். ஒரு டப்பா பெயின்ட் செலவு.