கையிருப்பு உள்ளவரை

இலவசம் என்னும் சொல்லுக்கு உள்ள கவர்ச்சி வேறெந்தச் சொல்லுக்கும் இல்லை. ஆடி பிறந்தால் நம் ஊர்த் துணிக்கடை வாசல்களில் அச்சொல் எத்துணைப் பெரிய எழுத்தில் தொங்கும் என்பதை, ஊரைவிட்டு வந்து ஆண்டுகள் பல ஆகியும் அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே பலகையின் அடியில் எறும்பு ஊர்ந்தாற்போல் இன்னொரு வரியும் இருக்கும்: ‘கையிருப்பு உள்ளவரை’. பெரிய எழுத்து நம்மை உள்ளே அழைக்கும். சிறிய எழுத்து கடைக்காரரைக் காப்பாற்றும். துணிக்கடையில் இது பழகிப்போன சங்கதி. இப்பொழுது நம் வீட்டுப் பிள்ளைகள் கணினியில் ஆடும் வீடியோ கேம்களை விற்கின்ற இணையக் கடைகளிலும் இவ்விரு எழுத்துகளும் வந்து குடிபுகுந்துவிட்டன.

விளையாட்டைப் பற்றிச் சங்க ஏட்டில் எழுதுவதா என்று பெரியவர்கள் சிலர் புருவத்தை நெரிக்கக் கூடும். பிள்ளைகளின் பொழுதும் நம்முடைய பணமும் ஒருசேரப் போகும் இடம் எதுவோ அதைப் பற்றி எழுதுவது தகும் என்பது நம் எண்ணம்.

இக்கடைகளில் மிகப் பெரியது ஸ்டீம். அமெரிக்காவில் வால்வ் நிறுவனத்தார் 2003-ஆம் ஆண்டில் தொடங்கியது. 2015 முதல் நம் நாட்டவர்க்கு அங்கே ரூபாயிலேயே விலை சொல்கிறார்கள். கோடையிலும் குளிர்காலத்திலும் பெருந்தள்ளுபடி நடக்கும். அத்தள்ளுபடி தொடங்குவது அவர்கள் நாட்டு மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு. நமக்கு அது கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் இரவு 11.30. ரயில்வே குடியிருப்பில் அந்நேரத்தில் விளக்கு எரிந்தால் ஒன்று இரவுப் பணிக்குப் புறப்படுகிறவர் வீடாக இருக்கும். இல்லையேல் இவ்விளையாட்டுப் பித்துக் கொண்ட பிள்ளை இருக்கும் வீடாக இருக்கும்.

நம் வீடு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தமக்கை மகன் நம்முடன் தங்கிப் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். பெயர் சொல்ல வேண்டாத வேறொரு கடையில், குறித்த ஒரு தொகைக்கு மேல் வாங்குவோர்க்கு ஒரு பழைய விளையாட்டு இலவசம் என்று விளம்பரம் வந்தது. தொகை ரூபாய் ஆயிரம். பொங்கலுக்கு உறவினர் கொடுத்த காசைப் பிள்ளை சேர்த்து வைத்திருந்தான். அவனுக்கு வேண்டிய விளையாட்டு ரூபாய் 700-க்குள் முடிந்துவிடும். இலவசத்தை எட்டுவதற்காக, வேண்டாத இன்னொன்றையும் சேர்த்துத் தொகையை ஆயிரத்துக்கு மேல் கொண்டுவந்தான். அட்டை நம்முடையது, வங்கியின் கடவெண் வருவதும் நம் கைபேசிக்கே. ஆகவே நாமும் கண்விழித்து அருகில் அமர்ந்திருந்தோம். பணம் போயிற்று. போன கையோடு அவன் இலவசப் பக்கத்தைத் திறந்தான். ‘தீர்ந்துவிட்டது’ என்று ஒற்றைச் சொல் நின்றது.

“மாமா, தீர்ந்துபோனதை முன்பே சொல்லியிருந்தால் இந்த இரண்டாவதை நான் வாங்கியே இருக்க மாட்டேனே” என்றான். அழவில்லை, ஆயின் குரல் சற்றுத் தழுதழுத்தது. “விடு மாப்பிள்ளை, நாளைக்குக் கேட்போம்” என்று படுக்க அனுப்பினோம்.

மறுநாள் கேட்டோம். எத்தனை படிகள் வைத்திருந்தீர்கள், எப்பொழுது தீர்ந்தன என்ற இரண்டே கேள்விகள். ஆறு நாள் கழித்து விடை வந்தது. எண்ணிக்கை வரம்புக்கு உட்பட்டது என்று விளம்பரத்திலேயே கூறியிருக்கிறோம், தங்கள் ஆதரவுக்கு நன்றி என்று கண்டிருந்தது. எண் இல்லை. மீண்டும் கேட்டதற்கு அதுவும் வரவில்லை.

இங்கே நம் தொழிலைச் சற்றுக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. முன்பதிவுச் சாளரத்துக்கு உட்புறம் அமர்ந்திருப்பவன் நாள்தோறும் காண்பது பற்றாக்குறை ஒன்றைத்தான். தட்கல் சீட்டு குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், மற்ற வகுப்புக்கு 11 மணிக்கும் திறக்கும். விடியுமுன்னே வந்து துண்டு போட்டு இடம் பிடித்தவர், மூன்றாவது ஆளாக நின்றும் சீட்டுக் கிடைக்காமல் திரும்புவதுண்டு. தீபாவளிக்கு ஊருக்குப் போக நின்ற நம்மவர் முகங்களையும் அச்சாளரத்தின் வழியே கண்டிருக்கிறோம். ஆயினும் படுக்கைப் பெட்டி ஒன்றில் 72 அல்லது 80 இடமே உண்டு. எண்பத்தோராவது ஆளைப் படுக்க வைக்க ஆண்டவனாலும் ஆகாது. விளையாட்டுப் படிக்கு அந்தக் கட்டுப்பாடு ஏது? ஒன்றைப் பத்தாயிரமாக்க இரும்பும் வேண்டா, மரமும் வேண்டா. அங்கே பற்றாக்குறை என்பது ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்த காரியம்.

ஏன் அவ்வாறு முடிவு செய்கிறார்கள் என்பதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. இலவசம் கொடுப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள். ஒன்று, கடைக்காரர் விளையாட்டை ஆக்கியவருக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு, குறித்த நாள்வரை வருவோர்க்கெல்லாம் வழங்குவது. எப்பிக் கேம்ஸ் என்னும் கடை 2018 டிசம்பரில் தொடங்கியது முதல் இவ்வாறே செய்கிறது. அந்நிறுவனத்துக்கும் ஆப்பிளுக்கும் 2021-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் கணக்குகள் வெளிவந்தன. 2019 செப்டம்பர் வரை 38 விளையாட்டுகளுக்காக ஏறத்தாழ 1 கோடியே 16 லட்சம் டாலர் கொடுத்திருக்கிறார்கள். சப்னாட்டிக்கா என்ற கடலடி விளையாட்டு ஒன்றுக்கே 14 லட்சம் டாலர். அதனால் வந்து சேர்ந்த புதுக் கணக்குகள் ஏறக்குறைய 50 லட்சம். ஒரு வாடிக்கைக்காரரைப் பிடிக்கத் தலைக்கு இரண்டு டாலருக்குச் சற்று மேலே செலவாயிற்று. தருமம் அன்று, வாணிகமே. என்றாலும் ஒளிவுமறைவற்ற வாணிகம்.

மற்றொரு வழி, ஆக்கியவர் சில ஆயிரம் திறவுச்சொற்களை மட்டும் கொடுத்து, இவை தீரும்வரை வழங்குங்கள் என்பது. மூன்று பேர் சேர்ந்து வாடகை அறையில் உழைத்து ஆக்கிய விளையாட்டை உலகுக்கெல்லாம் சும்மா கொடுத்துவிட்டு அவர்கள் எதை உண்பார்கள்? ஆகையால் இவ்வழியையும் நாம் குறைகூறவில்லை. ஐந்நூறு பேரை அழைத்தவர் ஐம்பது இலை போடலாம். ஐம்பது இலைதான் என்று அழைப்பிலேயே சொல்லிவிட்டால் வருகிறவர் வீட்டில் உண்டுவிட்டு வருவார். சொல்லாமல் பந்திக்கு வெளியே நிறுத்துவதுதான் பொறுக்கவில்லை.

முதல் வழியில் கூட்டம் நெருக்கினாலும் மனக்கசப்பு நிலைப்பதில்லை. 2020 மே 14-ஆம் நாள், ஊரடங்கில் உலகமே வீட்டில் அடைபட்டிருந்த வேளையில், எப்பிக் கடை ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ விளையாட்டை இலவசமாக்கிற்று. கூட்டம் தாங்காமல் கடை பல மணி நேரம் படுத்துவிட்டது. பிள்ளைகள் பொருமினார்கள். ஆனால் ஒரு வாரம் தவணை இருந்தது. மறுநாள் போனவருக்கும் கிடைத்தது. பொருமலும் அத்தோடு போயிற்று.

ஸ்டீம் கடை 2019 கோடைத் தள்ளுபடியில் செய்தது வேறு விதம். ஆமை, முயல், பன்றி முதலிய பெயர்களால் அணிகள் வகுத்துப் பந்தயம் வைத்தார்கள். வெல்லும் அணிகளில் சிலரைக் குலுக்கலில் எடுத்து, அவரவர் விருப்பப் பட்டியலின் உச்சியில் இருக்கும் விளையாட்டை இலவசமாகத் தருவோம் என்றார்கள். விதிமுறை தலையும் வாலும் புரியாதபடி இருந்தது. விலை குறைந்த விளையாட்டு பட்டியலில் இருந்தால் அதுவே பரிசாக வந்துவிடும் என்று அஞ்சிப் பலர் அவற்றை நீக்கிவிட்டார்கள். விருப்பப் பட்டியலில் இருந்தால்தான் தள்ளுபடி வரும்போது அவருக்கு அஞ்சல் போகும். சிறு ஆக்குநர்க்கு அதுவே பிழைப்பு. பட்டியலிலிருந்து தம் விளையாட்டு கொத்துக் கொத்தாக மறைவதைக் கண்டு அவர்கள் முறையிட்டார்கள். நீக்க வேண்டிய தேவை இல்லை, உச்சியில் வேண்டியதை வைத்தால் போதும் என்று வால்வ் நிறுவனம் பிறகு விளக்கம் வெளியிட்டது. நீக்கியவர்கள் எத்தனை பேர் மீண்டும் சேர்த்திருப்பார்கள்!

நம் சாளரத்தில் சீட்டுக் கிடைக்காதவர் கையில் ஒன்று இருக்கும்: காத்திருப்போர் பட்டியலில் அவருடைய எண். 23 என்றால் அவர் தம் அறிவைக் கொண்டு கணக்கிடுவார். இருந்து பார்க்கலாமா, பேருந்துக்குப் போகலாமா என்று தீர்மானிப்பார். வைவதாயினும் எண்ணைப் பார்த்துவிட்டு வைவார். தட்கலில் இயந்திரங்களைக் கொண்டு இடத்தை வாரிக் கொள்வோரைத் தடுக்க, 2025 ஜூலை முதல் இணையத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குக்கு மட்டுமே தட்கல் என்றும், முதல் அரை மணி நேரம் முகவர்க்கு இல்லை என்றும் விதி செய்திருக்கிறார்கள். அவ்விதியில் குறை சொல்வோரும் உண்டு. ஆயினும் விதி இன்னதென்று எல்லார்க்கும் தெரியும். அந்த விளையாட்டுக் கடையில் இருந்தவை எத்தனை, இரவு 11.30-க்கு எத்தனை மிச்சம் என்று பக்கத்தின் மூலையில் ஓர் எண் ஓடியிருந்தால், நம் வீட்டுப் பிள்ளை வேண்டாததை வாங்கியிருக்க மாட்டான்.

இதற்கு நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை என்பது பலர் அறியாத செய்தி. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய ஆணையம் 2022 ஜூனில் விளம்பர நெறிமுறைகளை வெளியிட்டது. தூண்டிலில் இரை கோப்பதுபோன்ற விளம்பரங்களைப் பற்றி அதில் தனியே கூறப்பட்டிருக்கிறது: எதிர்பார்க்கத்தக்க தேவைக்குப் போதிய இருப்பு வேண்டும், இல்லையேல் இருப்புக் குறைவு என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2023 நவம்பர் 30-இல் வந்த மற்றொரு நெறிமுறை, இணையக் கடைகளின் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிடுகிறது. அதில் முதலாவது, பொய்யான அவசரத்தையும் பொய்யான பற்றாக்குறையையும் காட்டி உடனே வாங்கவைப்பது. கடை வெளிநாட்டில் இருந்தாலும், இந்தியாவில் முறையாக வாணிகம் செய்தால் இது பொருந்தும். நம் பிள்ளைக்கு நேர்ந்தது பொய்ப் பற்றாக்குறையா, மெய்ப் பற்றாக்குறையா என்பது அந்த எண் தெரிந்தால்தான் விளங்கும். அதனால்தான் எண்ணைக் கேட்கிறோம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ் உட்படப் பல மொழிகளில் பேசலாம். வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு அது சிறிய வசதி அன்று. இந்தியில் தடுமாறும் தாய்மார்களும் தாமே பேசிவிடலாம். சென்ற வாரம் பணி முடிந்து வந்து நாம் அழைத்தோம். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தமக்கை மகன் அருகிலிருந்து தேதியையும் நேரத்தையும் எடுத்துக் கொடுத்தான். புகாருக்கு ஓர் எண் தந்தார்கள். அதை அவன் தன் கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறான்.