சான்றிதழும் பேரேடும்

பழைய மாணவர் ஒன்றுகூடும் இடங்களிலே இப்பொழுது என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் வினா ஒன்றுண்டு. "பையன் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவிற் சித்தியெய்திவிட்டான். வணிக நுண்ணறிவு என்கிறார்களே, அதற்கொரு பயிற்சிநெறி படிப்பித்தால் உத்தியோகம் கிடைக்குமா?" என்பதே அது. கேட்பவர் பெரும்பாலும் தந்தையார், சிலவேளை பேரனார். கட்டணஞ் செலுத்தப் போகிறவரும் அவரே. ஆதலின் "ஆம்" என்றோ "இல்லை" என்றோ ஒரு சொல்லில் விடையிறுத்துவிட்டு அப்பாற் செல்லுதல் தகாது. கொழும்பிலும் இலண்டனிலுமாக ஏறத்தாழ 25 ஆண்டுகள் இத்தொழிலிலேயே கழித்தவன் என்ற உரிமையால், என் விடையைச் சற்று விரிவாக இம்மலரிற் கூற விரும்புகின்றேன்.

முதலில் இத்தொழில் யாதெனக் கூறுதல் வேண்டும். ஒரு நிறுவனத்தின் விற்பனை, கொள்வனவு, சரக்கிருப்பு, கடன், சம்பளம் ஆகியன இன்று வெவ்வேறு கணினித் தரவுத்தளங்களிற் பதியப்படுகின்றன. அவற்றை ஒன்றுசேர்த்து, பிழை களைந்து, முடிவெடுக்கும் பொறுப்புடையோர் ஒரு பார்வையில் விளங்கிக்கொள்ளத்தக்க அறிக்கையாக அமைத்துக் கொடுப்பதே வணிக நுண்ணறிவு அறிக்கையிடல். ஐ.பி.எம். நிறுவனத்து ஆராய்ச்சியாளரான ஹான்ஸ் பீற்றர் லூன் 1958 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றின் தலைப்பிலேயே இப்பெயர் காணப்படுகின்றது. 1989 ஆம் ஆண்டளவில் ஹவார்ட் டிரெஸ்னர் என்பவர் அதனை இன்றைய பொருளில் வழக்கிற் கொணர்ந்தார். தொழிலோ பெயரினும் பழையது. மாத முடிவிற் பேரேட்டைப் புரட்டி, கடையின் நிலைமையை ஒற்றைத் தாளில் எழுதி முதலாளியின் கையிற் கொடுத்த கணக்கப்பிள்ளை செய்ததும் இதுவே.

பயிற்சிநெறி என்பதும் நம்மவர்க்குப் புதிதன்று. சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் பயின்று கொழும்புக் கந்தோர்களிற் புகுந்த ஒரு தலைமுறையின் வழிவந்தோர் நாம். அவ்வகுப்புகள் மெய்யாகவே பயன்தந்தன. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அளந்து காட்டத்தக்க திறமையையே கந்தோர் வேண்டிநின்றது. வகுப்பிற் செய்ததையே மேசையிலும் செய்தனர். அறிக்கையிடலில் வகுப்புக்கும் மேசைக்கும் இடையே ஒரு தூரம் உண்டு. அத்தூரத்தை அறியாமலே பல குடும்பங்கள் பணத்தைக் கட்டிவிடுகின்றன.

இன்றைய பயிற்சிநெறிகளுட் பெரும்பாலானவை மூன்று கருவிகளைக் கற்பிக்கின்றன: எக்செல் விரிதாள், எஸ்.கியூ.எல். என்னும் வினவல் மொழி, பவர் பீ.ஐ. போன்றதோர் அறிக்கைக் கருவி. பவர் பீ.ஐ. 2015 ஆம் ஆண்டில் மைக்கிறோசொவ்ற் நிறுவனத்தாற் பொதுப்பாவனைக்கு விடப்பட்டது. அதற்குரிய பீ.எல்.-300 என்னும் பரீட்சையில் 1000 என்ற அளவில் 700 பெறுவோர் சித்தியடைவர். பெற்ற சான்றிதழை ஆண்டுதோறும் இணையவழியே புதுப்பித்தல் வேண்டும். இப்பரீட்சைக்குப் படிப்பவன் பல சொற்களையும் முறைகளையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறான் என்பதில் ஐயமில்லை.

எனினும், அந்நிறுவனத்தாரின் பாடங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுவது அட்வென்ச்சர் வேர்க்ஸ் என்னும் சைக்கிள் கொம்பனியின் கணக்கு. அக்கொம்பனி உலகில் எங்கும் இல்லை, பாடத்துக்கென்றே புனையப்பட்டது. அங்கே ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஓர் இலக்கம் உண்டு. ஒவ்வொரு விற்பனைக்கும் திகதி உண்டு. எல்லாம் தத்தம் நிரலில் அடங்கிக் கிடக்கின்றன. சைக்கிளை நம் ஊரவர்க்கு அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. ஆனால் அத்துணை ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்த சைக்கிள் கடைக்காரர் எவரையும் யான் கண்டதில்லை.

என் அனுபவத்தையும் கூறவேண்டும். 1990 களின் நடுப்பகுதியிற் கொழும்பில் ஓர் இறக்குமதி நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். மூன்றாம் ஆண்டில், மாலைநேர வகுப்பொன்றில் மூன்று மாதம் எஸ்.கியூ.எல். பயின்றேன். என் பிற்கால உத்தியோகம் முழுவதற்கும் அதுவே வாயில் திறந்தது. எந்தச் சரக்கு ஆறு மாதமாகக் களஞ்சியத்தை விட்டு அசையவில்லை என்று முகாமையாளர் கேட்பார். அதற்கு விடைகாண மூன்று நாள் கொப்பிகளைப் புரட்டுவது என் வழக்கம். வகுப்பிற் கற்ற எட்டுவரி வினவல் அவ்விடையை ஒரு நிமிடத்தில் தந்தது. என்னோடு பயின்றவருட் சிலர் என்னிலும் கெட்டிக்காரர்; பரீட்சையிலும் என்னிலும் கூடிய புள்ளி பெற்றனர். ஆயினும், சென்று கேட்பதற்கு அவர்களிடம் ஒரு களஞ்சியம் இருக்கவில்லை. சில மாதங்களிற் கற்றது கைவிட்டுப் போயிற்று.

பின்னாளில் இலண்டனில், ஆட்களைத் தெரிவுசெய்யும் குழுக்களில் இருந்தேன். விண்ணப்பங்கள் குவியும்போது முதற் சல்லடையிற் சான்றிதழ் உதவுகின்றது, இதனை மறுப்பதற்கில்லை. அறையினுள் வந்து அமர்ந்தவரிடம் நான் கேட்ட வினா ஒன்றே: "நீர் ஆக்கிய அறிக்கையை எவர் பார்ப்பார்? பார்த்தபின் அவர் எதனை மாற்றிச் செய்வார்?" சான்றிதழ்கள் பல வைத்திருந்தோர் சிலர் நிறங்களையும் வரைபடங்களையும் பற்றிப் பேசினர். தந்தையாரின் சிறு கடைக்குக் கணக்கெழுதிய ஒரு பெண், எந்தக் கிழமையிற் பால் மிஞ்சிப் பழுதாயிற்று என்றும், அதன்பின் எத்தனை போத்தல் குறைத்து வாங்கினர் என்றும் கூறினாள். அவளையே தெரிவுசெய்தோம். வேண்டிய கருவியை மூன்று மாதத்திற் கற்றுக்கொண்டாள்.

அவ்வாறாயின், உத்தியோகமின்றி வெளியே நிற்கும் இளைஞன் என்ன செய்வது? என் தமக்கையாரின் மகனது கதை இதற்கு விடையாகும். 2022 ஆம் ஆண்டு, நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலம். அவனிடம் அப்பொழுது மூன்று பயிற்சிநெறிகளின் சான்றிதழ்கள் இருந்தன. மூன்றாவதற்குரிய பணம் தமக்கையாரின் காப்புகளை அடகுவைத்துப் பெற்றது. நான்காவதற்கும் விண்ணப்பப் படிவம் எடுத்து வைத்திருந்தான். "மாமா, மூண்டு சேர்ட்டிபிக்கேட் இருக்கு, ஒருத்தரும் கூப்பிடேல்லை" என்றான். நான்காவதைச் சிறிது பொறுத்துச் செய்யுமாறு கூறி, எங்கள் குடும்பத்துக்கு அறிமுகமான கட்டடப் பொருட்கடை முதலாளி ஒருவரிடம் அவனை அனுப்பினேன். இரண்டாண்டுச் சிட்டைகளையும் கடன் கொப்பிகளையும் அவர் மனமுவந்து கொடுத்தார்.

அட்வென்ச்சர் வேர்க்ஸ் கொம்பனி அங்கே உதவவில்லை. ஒரே கொந்தராத்துக்காரர் ஓரிடத்தில் தம் பெயராலும், ஓரிடத்தில் ஊர்ப் பெயராலும், இன்னோரிடத்தில் "லாண்ட்மாஸ்ரர்காரர்" என்றும் பதியப்பட்டிருந்தார். ஆணி சில நாள் கிலோக் கணக்கிலும் சில நாள் பக்கற் கணக்கிலும் விற்கப்பட்டிருந்தது. இவற்றைச் சீர்செய்யவே இரண்டு மாதம் சென்றன. அதன்பின் எழுந்தது மெய்யான சிக்கல்: "விற்பனை" என்றால் என்ன? சிட்டை எழுதிய நாளே விற்பனை நாள் என்று மருமகன் கூட்டினான். விலையேற்றத்துக்கு அஞ்சிப் பணத்தைக் கட்டிவிட்டு, சீமெந்தைக் கடையிலேயே விட்டுவைத்தவர் பலர். மூடை வெளியேறிய நாளையே களஞ்சியக்காரர் கணக்கிற் கொண்டார். முதலாளியோ, "தம்பி, காசு கைக்கு வந்தால்தான் அது வியாபாரம்; அதுவரைக்கும் கொப்பியிலை கிடக்கிற எழுத்துத்தான்" என்றார். ஒரே மாதத்துக்கு மூன்று தொகைகள் வந்தன.

எது சரியென்று என்னைக் கேட்டான். மூன்றும் சரியே; மூன்றுக்கும் வெவ்வேறு பெயரிட்டு ஒரே தாளில் அருகருகே வைக்குமாறு கூறினேன். அவ்வாறு வைத்தபொழுது, சிட்டைத் தொகை ஏறிக்கொண்டிருக்கக் கைக்காசு ஏறாதிருப்பதும், 90 நாளுக்கு மேற்பட்ட கடனின் பெரும்பகுதி மூன்று கொந்தராத்துக்காரரிடம் நிற்பதும் முதலாளிக்கு வெளித்தெரிந்தன. அம்மூவருக்கும் புதிய கடன் கொடுப்பதை அவர் நிறுத்தினார். 2023 ஆம் ஆண்டிற் கொழும்பில் நடந்த ஒரு நேர்முகப் பரீட்சையில், பெரும்பொழுது இந்த ஒரு தாளைப் பற்றியே கேட்டார்களாம். பயிலுநர் பதவி கிடைத்தது. அடுத்த ஆண்டிற் காப்புகள் மீட்கப்பட்டன.

இதனாற் பயிற்சிநெறி வீண் என்று எவரும் கொள்ளலாகாது. முதலாவது பயிற்சிநெறியிற் கற்ற எஸ்.கியூ.எல். இல்லையேல் அச்சிட்டைகளை அவனால் ஒழுங்குபடுத்தியிருக்க முடியாது. இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் முதலாவது கற்பித்ததையே வேறொரு கருவியிற் கற்பித்தன. ஆகவே தந்தைமாருக்கு என் விடை இது: ஒரு பயிற்சிநெறி வேண்டும், அது முடிந்த மறுநாளே மெய்யான ஒரு பேரேடு வேண்டும், அப்பேரேட்டிற் கை தடைப்படும் இடத்தை அறிந்தபின்னரே அடுத்த பயிற்சிநெறிக்குப் பணம் செலுத்துக.

எதனைத் தெரிவுசெய்வது என்பதற்கும் ஒரு வழி கூறலாம். எட்கார் கொட் 1970 ஆம் ஆண்டில் வெளியிட்ட தரவுத்தளக் கோட்பாட்டின் மேலெழுந்த எஸ்.கியூ.எல். இன்றும் எங்கும் வழங்குகின்றது. இரட்டைப் பதிவுக் கணக்கியல் பச்சியோலியின் நூலில் 1494 ஆம் ஆண்டிலேயே அச்சேறியது. அதுவும் நிலைத்து நிற்கின்றது. இவ்விரண்டையும் முதலிற் கற்க. 1996 ஆம் ஆண்டில் றால்ப் கிம்பல் எழுதிய தரவுக் களஞ்சிய நூல் வலியுறுத்தும் வினா ஒன்றுண்டு: அட்டவணையின் ஒரு வரி எதனைக் குறிக்கின்றது? ஒரு சிட்டையையா, சிட்டையிலுள்ள ஒரு பொருளையா, ஒரு நாளின் கூட்டுத்தொகையையா? இதனைக் கேட்கக் கற்பிக்காத பயிற்சிநெறியிற் கட்டணத்தை வீணாக்க வேண்டாம். பவர் பீ.ஐ. செயலியைக் கணினியில் இலவசமாக இறக்கலாம். மைக்கிறோசொவ்ற் நிறுவனத்தின் பாடங்களையும் கட்டணமின்றிப் படிக்கலாம். செயற்கை நுண்ணறிவு நிரல்கள் கேட்டமாத்திரத்தில் வினவலை எழுதித் தரும் இக்காலத்தில், பொத்தான்களை மட்டும் கற்பிப்போருக்குப் பெருந்தொகை கொடுப்பதற்கு முன்னர் இருமுறை சிந்தித்தல் நன்று.

இறுதியாகக் கல்லூரியின் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். நம்முட் பலர் கடைகளும் கந்தோர்களும் நடத்துகின்றோம். சிலர் வங்கிகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் பொறுப்பான பதவிகளில் இருக்கின்றோம். விழாவுக்கு நன்கொடை வழங்குவது போலவே, ஆண்டுக்கு ஓர் இளைஞனுக்கு மூன்று மாதம் ஒரு நாற்காலியும், வாடிக்கையாளர் பெயர் மறைத்த ஒரு பழைய பேரேடும் வழங்கலாம். நமக்கு அதனாற் செலவு அதிகமில்லை. விருப்பமுள்ளோர் தம் பெயரைச் சங்கச் செயலாளரிடம் கொடுப்பாராக. முதற் பெயராக என் பெயரைக் கொடுத்துள்ளேன்.