தோல்வியின் பயன்

வென்றாரைப் போற்றுவது உலகியல்பு. ஆயினும், 2024ஆம் ஆண்டின் சர்வதேச மேஜைப் பந்தாட்டப் பந்தயங்களை விடுதித் தோழருடன் கூடிக் கவனித்துவந்த எமக்குத் தோற்றாரைக் குறித்தே சிந்தனை மிகுந்தது. அதனை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

அவ்வாண்டு பிப்ரவரியில், தென் கொரியாவின் பூசன் நகரில் உலகக் குழுப் பந்தயங்கள் தொடங்கின. மகளிர் பிரிவில் இந்தியா முதலில் எதிர்த்ததோ சீனத்தை. தர வரிசையில் 155ஆம் இடத்திலிருந்த அய்ஹிகா முகர்ஜி, முதலிடத்துச் சுன் யிங்ஷாவை வீழ்த்தினார். ஸ்ரீஜா அகுலா, இரண்டாமிடத்து வாங் யிடியை நேர் ஆட்டங்களில் வென்றார். 2க்கு 1 என இந்தியா முன்னின்றபொழுது எம் விடுதியிற் பேச்சு மூச்சில்லை. எனினும் எஞ்சிய இரண்டும் கைந்நழுவ, 3க்கு 2 எனச் சீனமே வென்றது.

இது வெற்றிக்கு ஒப்பென்றனர் நண்பர் சிலர். தோல்வி தோல்வியே என்றனர் வேறு சிலர். இவ்வழக்கு எமக்கு வெறும் வாய்ப்பேச்சன்று. சின்னாட்களுக்கு முன்னரே எம் கலாசாலைக் குழு, இரண்டே புள்ளிகளிற் பந்தயமொன்றைத் தோற்று மீண்டிருந்தது. இனிப் பயிலுதல் வீணெனச் சிலர் மட்டைகளைப் பெட்டியிலிட்டுப் பூட்டியுமிருந்தனர். தோல்வியை வெற்றியென்பது நெஞ்சை ஏமாற்றுதல். அதனோடு யாவும் முடிந்ததென்பது முயற்சியை மாய்த்தல். ஆதலின் இரண்டினையும் யாம் ஒப்பவில்லை. தோல்வியின் பயன், அதன் பின் செய்வதனாலேயே விளங்கும்.

பின் நிகழ்ந்தவற்றை நோக்குக. இந்தியாவின் ஆடவர், மகளிர் குழுக்கள் இரண்டும் ஒலிம்பிக் குழுப் போட்டிக்கு முதன்முறையாகத் தகுதி பெற்றன. பாரிஸ் மாநகரில் மகளிர் குழு ருமேனியாவை வென்று காலிறுதி எய்தி, ஜெர்மனியிடம் தோற்றது. அக்டோபரில் அஸ்தானா நகரில் நிகழ்ந்த ஆசியப் பந்தயங்களில், பூசனில் தோற்ற அய்ஹிகா, ஸ்ரீஜா, மணிகா பத்ரா ஆகிய மூவருமே தென் கொரியாவை வென்று வெண்கலப் பதக்கம் ஈட்டினர். 1972இல் தொடங்கிய அப்பந்தய வரிசையில் இந்திய மகளிர் குழு பெற்ற முதற் பதக்கம் அதுவே.

வல்லாரும் இவ்விதிக்கு விலக்கல்லர். சீன வீரர் வாங் சூச்சின் பாரிஸில் கலப்பு இரட்டையரிற் பொன் பெற்ற சற்றைக்கெல்லாம், படம் பிடிப்போர் நெருக்கத்தில் அவரது மட்டை முறிந்தது. மறுநாள் ஒற்றையரில் அவர் ஸ்வீடன் நாட்டு ட்ரூல்ஸ் மோரேகார்டிடம் தோற்றார். அதன் பின்னும் சோர்ந்திராது, குழுப் போட்டியில் மீண்டும் பொன் வென்றார்.

சென்னை வீரர் சரத் கமலையும் மறத்தலாகாது. 42ஆம் வயதில் ஐந்தாம் ஒலிம்பிக்கிற்குச் சென்று, தொடக்க விழாவில் இந்தியக் கொடி தாங்கிய அவர், ஒற்றையரில் முதற்சுற்றிலேயே தோற்றார். ஆயினும் இருபதாண்டுகளாக அவர் தோற்றும் வென்றும் திருத்திய பாதையிலன்றோ இளையோர் இன்று நடக்கின்றனர்!

மாணவ நண்பர்காள்! பரீட்சையிலாயினும் பந்தயத்திலாயினும் தோற்றவிடத்து இரண்டு நாள் வருந்துக. மூன்றாம் நாள் மட்டையை எடுக்க.