வன்னியில் காணி தேடல்

புலம்பெயர்ந்து சென்ற நம்மவரின் முதுமைக் கனவுகளுள் தலையாயது காணிக் கனவு. 1980களில் இளைஞராய்ப் புறப்பட்டவர்கள் இன்று ஓய்வூதிய வயதினர். பனி மண்டிய நகரங்களில் நாற்பது ஆண்டுகள் உழைத்த பின்னர், வெயிலும் வேம்பும் கிணற்றடியும் கூடிய ஒரு துண்டு நிலத்துக்கு அவர்கள் ஏங்குவதில் வியப்பில்லை. 1984இல் கனடா சென்ற என் தமையனாரும் அவர்களுள் ஒருவர். "தம்பி, யாழ்ப்பாணத்தில் பரப்புக் கணக்கில் வாங்கி என்ன செய்கிறது? வன்னியில் ஐந்து ஏக்கர் பார். மிச்சக் காலத்தை அங்கேதான் கழிக்கப் போகிறேன்" என்று எழுதினார். பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். குடாநாட்டில் வளர்ந்த ஒருவருக்கு ஐந்து ஏக்கர் எத்துணைப் பெரிய சொல் என்பதை வாசகர் உணர்வர்.

குடாநாட்டார் வன்னியை எளிதில் நாடியவர்கள் அல்லர். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டப்பட்டு வயல்கள் திறக்கப்பட்ட போதும், மலேரியாவுக்கு அஞ்சிப் பலர் ஆனையிறவைத் தாண்டத் தயங்கினர். 1940களின் பிற்பகுதியில் அந்நோய் அடங்கிய பின்னரே குடியேற்றம் வேகம் பெற்றது. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் குடியேறிய படித்த வாலிபர் கைநிறையச் சம்பாதித்த கதையைத் தமையனார் இன்றும் சுவையாகச் சொல்லுவார். 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டு அந்த விலை வீழ்ந்த கதையை அவர் சொல்வதில்லை.

விடுமுறை நாள்களில் நான் தேடத் தொடங்கினேன். தரகர்கள் நிலத்தைக் காட்டுமுன் பத்திரங்களின் பிரதிகளைக் காட்டினர். அவற்றுட் பல உறுதிகள் அல்ல. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்கள். 1935இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தின்படி அத்தகைய காணியின் உடைமை அரசினதே. அதனைப் பெற்றவர் பயிரிடலாம், குடியிருக்கலாம், தமக்குப் பின் யார் என்று நியமிக்கலாம்; விரும்பியபடி விற்கமுடியாது. ஆயினும் விற்கிறார்கள்! அற்றோணித் தத்துவம் ஒன்றை எழுதிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்கிறார்கள். எழுதியவர் இறந்தால் அத்தத்துவமும் செல்லாது போகும் என்பதைச் சொல்லுவார் இல்லை. நியமனம் எதுவுமின்றி உரியவர் இறந்தவிடத்து, அச்சட்டத்தின் உரித்து வரிசையில் நீண்டகாலம் மகளுக்கு முன்னால் மகனே நின்றான். சீதனமாகப் பெண்ணுக்குக் காணி எழுதும் வழமையில் ஊறிய நமக்கு இது விந்தையாகத் தோன்றும். அவ்வரிசையை மாற்றும் திருத்தம் 2022இல்தான் வந்தது.

வேறொரு தடையும் குறுக்கிட்டது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உடையோருக்கு விலக்கு உண்டு. பிறந்த மண்ணில் நிலம் வாங்கத் தாம் முதலில் விண்ணப்பப் படிவம் நிரப்பவேண்டும் என்பது தமையனாரைச் சற்றே புண்படுத்தியது. எனினும் நிரப்பினார்.

நீரைப்பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை. காலபோகத்துக்கு மாரிமழை துணைநிற்கும். சிறுபோகத்திலோ, குளத்தில் எஞ்சியுள்ள நீரைக் கணித்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிப்பர். அவ்வளவும் காணிக்காரரிடையே பங்கிடப்படும். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் ஓராண்டில் ஒன்றரை ஏக்கருடன் அமைய நேரலாம்.

ஈற்றில், கிளிநொச்சிக்குக் கிழக்கே, பழுதற்ற உறுதியுடைய காணி ஒன்று அமைந்தது. உரிமையாளர் இலண்டனில் இருந்தார். வாய்க்கால் அருகே, நல்ல கிணறு, ஐந்து ஏக்கருக்கு அரைப் பரப்பும் குறைவில்லை. ஒரு மூலையில் தகரக் கூரையிட்ட வீடு இருந்தது. "அவையள் காவலுக்கு இருக்கிறவை. சொன்னால் எழும்பிப் போயிடுவினம்" என்றார் தரகர்.

வீட்டிலிருந்த அம்மையார் எனக்குத் தேநீர் தந்தார். "எழுபத்தேழு கலவரத்துல எங்க மாமா தோட்டத்துல இருந்து இங்க வந்தாருங்க ஐயா. இந்தக் காட்டை வெட்டினது அவருதான். 2009ல எல்லாத்தையும் போட்டுட்டு ஓடினோம், முகாமுல இருந்தோம், திரும்பி வந்து இதே எடத்துலதான் தகரம் போட்டோம்" என்றார். பின்னர், "வித்துட்டாங்களா?" என்று கேட்டார்.

1977இன் வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்கு வந்தோர் பலர். காந்தியம் போன்ற அமைப்புகள் சிலருக்கு நிலத்தில் ஊன்றி நிற்க உதவின. ஏனையோர் பிறர் காணிகளில் கூலிகளாய்த் தங்கினர். காடு வெட்டியவர் அவர்கள், உறுதி வைத்திருந்தவர் வேறொருவர். சட்டத்தறிவுடைய நண்பர் ஒருவரிடம் வினவினேன். உரிமையாளருக்கு எதிராகப் பத்தாண்டு ஆண்டவருக்கு 1871ஆம் ஆண்டுச் சட்டம் துணைவரும். அவர் சம்மதத்துடன் காவலிருந்தவருக்கு அவ்வழி கடினம் என்றார். அதாவது, விசுவாசமாக இருந்தமையே அக்குடும்பத்துக்கு வழக்கில் பகையாகும். இதனை நீதி என்று ஏற்க என்னால் இயலவில்லை.

வீடும் அரை ஏக்கரும் அந்த அம்மையாரின் பெயருக்கு முதலில் நன்கொடை உறுதியாக எழுதப்படவேண்டும், எஞ்சியதையே வாங்கலாம் என்று தமையனாருக்கு எழுதினேன். நாற்பது ஆண்டுகளாக அவர் எண்ணிவந்த ஐந்து ஏக்கரில் நான் கைவைத்துவிட்டேன். பத்து நாள் விடையில்லை. பின்னர் தொலைபேசியில் அழைத்து, வானிலை, பிள்ளைகள், முழங்கால் வலி எல்லாம் பேசிவிட்டு, "நாலரை ஏக்கரும் எனக்கு மிச்சம்தான்" என்றார்.

இலண்டன்காரர் இன்னும் உடன்படவில்லை. விலையைக் குறைக்காமல் அரை ஏக்கரை விடுவதாயின் ஆட்சேபமில்லை என்பது அவர் நிலை. நில அளவையாளர் மாசி அறுவடை முடிய வருவதாகச் சொல்லியிருக்கிறார். எல்லைக்கல் விழக்கூடிய இடத்தில் அம்மையாரின் மாமனார் நட்ட பலாமரம் நிற்கிறது. கோட்டைச் சற்று வளைத்து, மரத்தை அவர்கள் பக்கம் விடமுடியுமா என்று தமையனார் கேட்டிருக்கிறார்.